ஹார்டி கிலோ என்ன விலை?

போன மாதம் எங்கள் கல்லூரி நூலகத்தின் பின்பக்க வராந்தாவில் புத்தகங்களைச் சணல் போட்டுக் கட்டி அடுக்கி வைத்திருந்தார்கள். சைக்கிள் எடுக்கப் போன நான் சும்மா நின்று பார்த்தேன். மேலே இருந்த கட்டுகளில் பத்து வருடத்துக்கு முந்தைய காஸ்ட் அக்கவுண்டன்சி கைடுகள், சிலபஸ் மாறிப்போன கம்ப்யூட்டர் புத்தகங்கள். அவை போனால் யாரும் அழப்போவதில்லை. மூன்றாவது கட்டில்தான் கண் நின்றது. முதுகுத் துணி கிழிந்து, எழுத்து பாதி உதிர்ந்து, ஹார்டியின் 'எ கோர்ஸ் ஆஃப் ப்யூர் மேத்தமேடிக்ஸ்'. அதற்கடியில் ஹாப்சனின் முக்கோணவியல். அதற்கும் கீழே ப்ராம்விச்சின் முடிவிலாத் தொடர்கள் பற்றிய புத்தகம், 1926 பதிப்பு.

உள்ளே ஓடிப்போய் அட்டெண்டர் அண்ணனைக் கேட்டேன். "எல்லாம் எடைக்குப் போறது தம்பி. இடம் இல்லைன்னுட்டாங்க. வேணும்னா எடுத்துக்க. எடைக்காரர் நாலு மணிக்கு வருவாரு, அவர்கிட்ட காசைக் கொடுத்துரு" என்றார். மூன்று புத்தகத்துக்கும் சேர்த்து நான் கொடுத்த பணம் கேன்டீனில் இரண்டு பேர் சாப்பிடும் தொகைகூட இல்லை. எடைக்காரர் தராசில் வைத்தபோது ஹார்டிதான் கனமாக இருந்தார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

அன்று சாயங்காலம் இதைப் புலம்பியபோது என் வகுப்புத் தோழன் ஒருவன் (பெயர் போட்டால் உதைப்பான்) சொன்னான்: "டேய், இதெல்லாம் நெட்டுல இருக்குடா. பிடிஎஃப் எடுத்து வெச்சுக்கோ. எதுக்கு இந்தக் கரையான் புத்தகம்?"

இந்தக் கட்டுரை அவனுக்கான பதில். அன்றைக்கே சொல்லியிருக்கலாம், ஆனால் எனக்கு எப்போதும் பதில் இரண்டு நாள் கழித்துத்தான் தோன்றும்.

முதலில் அவன் சொன்னதில் உண்மை இருப்பதை ஒத்துக்கொள்கிறேன். நம்மைப் போல சின்ன ஊர்க் கல்லூரியில் கணிதம் படிப்பவனுக்கு இணையம் செய்திருக்கும் உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். குஸ்தாவ் எனஸ்ட்ரோம் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உட்கார்ந்து ஆய்லர் எழுதியதற்கெல்லாம் வரிசை எண் போட்டார். 866 வரை போனது. அந்த எழுத்துகளை மொத்தத் தொகுப்பாக அச்சிடும் வேலை 1911ல் ஆரம்பித்து நூறு வருடத்தையும் தாண்டி நீண்டது. அந்த வரிசையை முழுதாக வைத்திருக்கும் நூலகம் நம் பக்கத்தில் எத்தனை இருக்கும் என்று விரல் விட்டு எண்ணலாம். ஆனால் 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டார்ட்மவுத்தில் படித்துக்கொண்டிருந்த இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் 'ஆய்லர் ஆர்கைவ்' என்று ஒன்றைத் தொடங்கி, ஆய்லரின் மூலங்களை எனஸ்ட்ரோம் எண்படி அடுக்கி வைத்துவிட்டார்கள். எண் 53 என்று தேடினால் கோனிக்ஸ்பெர்க் பாலங்கள் வந்து நிற்கும். மூலம் லத்தீன்தான். ஆனால் பலவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் கூடவே இருக்கிறது. மாணவர்கள் செய்தது என்பதை அழுத்திச் சொல்கிறேன். நாம் செமஸ்டர் லீவில் என்ன செய்கிறோம் என்று யோசித்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

அதே மாதிரி குட்டன்பெர்க் திட்டம். அங்கே கதைப் புத்தகம் மட்டும்தான் இருக்கும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். தன்னார்வலர்கள் பழைய கணித நூல்களைச் சூத்திரம் சூத்திரமாக லேடெக்கில் திரும்பத் தட்டச்சு செய்து போட்டிருக்கிறார்கள். ஹார்டியின் 'ப்யூர் மேத்தமேடிக்ஸ்' அங்கே இருக்கிறது. ஸ்கேன் இல்லை, கண்ணாடி மாதிரி தெளிவான எழுத்து. ஒரு பக்கத்தில் முப்பது சூத்திரம் இருக்கும் புத்தகத்தைத் தட்டச்சு செய்து, இன்னொருவர் சரிபார்த்து, மூன்றாமவர் மறுபடி சரிபார்த்து, ஒரு பைசா வாங்காமல் செய்திருக்கிறார்கள். அவர்கள் இருக்கும் திசை நோக்கி ஒரு கும்பிடு.

ஆக நண்பா, நெட்டில் இருக்கிறது. ஆனால் *எது* இருக்கிறது?

இங்கேதான் சிக்கல். ஹார்டியின் புத்தகம் 1908ல் முதலில் வந்தது. அப்போது அவருக்கு 31 வயது. 1914ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது முதல் அத்தியாயத்திலேயே டெடகிண்ட் வெட்டு மூலம் மெய்யெண்களைக் கட்டும் முறையைச் சேர்த்தார். ஹைனே-போரல் தேற்றமும் அப்போதுதான் உள்ளே வந்தது. ஒருவன் 1908 ஸ்கேனை இறக்கிப் படித்துவிட்டு "ஹார்டியில் டெடகிண்டே கிடையாதே" என்று சொன்னால் அவன் பொய் சொல்லவில்லை. அவன் படித்தது வேறு புத்தகம், அவ்வளவுதான். குட்டன்பெர்க்கில் இருப்பது 1921ல் வந்த மூன்றாம் பதிப்பு. 1937ல் ஏழாம் பதிப்புக்காகப் புதிதாக அச்சுக் கோத்தபோது, கிடைத்த வாய்ப்பு என்று ஹார்டி பல இடங்களைத் திருத்தி எழுதினார். வளர்ச்சி வீதத்தை ஒப்பிடுவதற்கு நாம் போடும் பெரிய ஓ, சின்ன ஓ குறியீடுகளைப் பின்னிணைப்பிலிருந்து எடுத்து, பாடத்துக்குள்ளேயே உரிய இடங்களில் சேர்த்தது அப்போதுதான். இன்று கடையில் காசு கொடுத்து வாங்கும் நூற்றாண்டுப் பதிப்பு (2008, முன்னுரை டி.டபிள்யூ. கோர்னர்) 1952ல் வந்த பத்தாம் பதிப்பின் வழி வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே ஆசிரியர். தேடும்போது எது கையில் சிக்கும் என்பது அவரவர் ஜாதகம்.

சரி, நல்ல பதிப்பு என்றே தெரிகிறது, ஸ்கேனும் கிடைத்துவிட்டது. முழுசாக இருக்குமா? நான் ஆறு மாதமாக ப்ராம்விச்சை ஒரு ஸ்கேனில்தான் படித்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்து இறக்கினேன் என்பது வேண்டாம். ஓர் அத்தியாயத்தின் கடைசியில் பயிற்சிக் கணக்குகள் நடுவில் நின்று, அடுத்த பக்கம் சம்பந்தமில்லாமல் வேறு எண்ணில் ஆரம்பிக்கும். ஸ்கேன் செய்தவர் ஒரு தாளைச் சேர்த்துப் புரட்டியிருக்கிறார். அந்தக் கணக்குகளில் ஒன்றை முன்னால் ஒரு பக்கத்தில் ப்ராம்விச் குறிப்பிடுவார், "இன்ன பயிற்சியைப் பார்" என்று. பார்க்க வழியில்லை. அதே புத்தகத்துக்கு இன்னொரு ஸ்கேன் தேடினேன். கிடைத்தது. பெயரும் பக்க அளவும் வேறாக இருந்தும் அதே தாள் அங்கேயும் இல்லை. ஒரே கோப்பை யாரோ பெயர் மாற்றி ஏற்றியிருக்கிறார்கள்! ஒரு தவறு இணையத்தில் பத்துப் பிரதியானாலும் தவறு தவறுதான், ஆனால் பார்ப்பவனுக்கு பத்துச் சாட்சி இருக்கிற மாதிரித் தோன்றும்.

வராந்தாவில் கட்டை அவிழ்த்ததும் நான் முதலில் புரட்டிப் பார்த்தது அந்தத் தாளைத்தான். இருந்தது. பென்சிலால் யாரோ ஒருவர் ஓரத்தில் விடை போட்டுப் பார்த்து அடித்திருந்தார். அவர் விடை தப்பு. (என்னுடையதும் முதல் தடவை அதே மாதிரித் தப்பாகத்தான் வந்தது என்பது எங்கள் இருவருக்குள் இருக்கட்டும்.)

பழைய ஜியோமிதி, கட்டுமானப் புத்தகங்களில் இன்னொரு தொல்லை உண்டு. படங்களை எல்லாம் கடைசியில் மடித்த பெரிய தாளில் வைத்துத் தைத்திருப்பார்கள். அவசரமாக ஸ்கேன் செய்பவர் மடிப்பைப் பிரிக்காமல் அப்படியே ஒரு படம் எடுத்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார். "படம் 14ஐப் பார்க்க" என்று புத்தகம் முழுக்க வரும். படம் 14 மடிப்புக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். ஆகவே ஒரு யோசனை: எந்தப் பழைய கணித நூலை இறக்கினாலும் முதல் பக்கத்தைப் பார்த்து மகிழாதீர்கள். நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய், படங்கள் விரிந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, நடுவில் பத்து இடத்தில் பக்க எண்ணைச் சரிபாருங்கள். ஐந்து நிமிடம் ஆகும். ஆறு மாதம் மிச்சம்.

பெயர் விஷயமும் இருக்கிறது. ஒரே புத்தகம் இரண்டு பெயரில் வாழும். லோபசெவ்ஸ்கியைத் தேடினால் ஜெர்மன்காரர்கள் போட்ட எழுத்துக்கூட்டலையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹால்ஸ்டெட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு அகப்படாமல் போகலாம். ஹாத்தி டிரஸ்ட் என்ற பெரிய சேமிப்பு இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2008ல் தொடங்கியது. ஹாத்தி என்றால் இந்தியில் யானை. பெயரை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள், ஆனால் இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் இங்கிலாந்தில் அச்சான பல புத்தகங்களை அமெரிக்காவிலிருந்து பார்த்தால் திறக்கும், நம் ஊரிலிருந்து போனால் தேடல் பெட்டியோடு நின்றுவிடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் நாட்டுச் சட்டத்தில் காலாவதியானது மற்ற நாடுகளில் காலாவதியாகாமல் இருக்கலாம் என்ற பயம்.

சட்டம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வகுப்பில் பாதிப் பேருக்கு "எல்லா பிடிஎஃப்பும் திருட்டு" என்றும், மீதிப் பேருக்கு "எதுவுமே திருட்டு இல்லை" என்றும் நினைப்பு. இந்தியாவில் ஆசிரியர் இறந்த வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து 60 ஆண்டு காப்புரிமை. முன்பு 50 ஆக இருந்தது. 1941ல் இறந்த தாகூரின் எழுத்துகளுக்கு 1991 முடிவில் உரிமை தீர இருந்தது. அந்தச் சமயத்தில்தான் பத்து வருடம் கூட்டினார்கள், 1992ல் அது சட்டத் திருத்தமானது. ஒரு கவிஞருக்காக மாற்றியது கணிதக்காரர்களுக்கும் சேர்த்து நீண்டுவிட்டது. ஹார்டி இறந்தது 1947 டிசம்பர். ஆக 2008 ஜனவரி 1 முதல் இந்தியாவில் அவர் எழுத்து எல்லாருக்கும் பொது. விட்டேக்கர்-வாட்சன் எழுதிய 'மாடர்ன் அனாலிசிஸ்' புத்தகத்துக்கு இரண்டு ஆசிரியர்கள், அதனால் பின்னால் இறந்தவரைக் கணக்கில் எடுக்க வேண்டும். வாட்சன் இறந்தது 1965. அதனால் 2025 முடிவு வரை உரிமை இருந்தது. இதில் பின்னால் வேறொருவர் எழுதிச் சேர்த்த முன்னுரை, குறிப்பு, மொழிபெயர்ப்புக்கெல்லாம் தனிக் கணக்கு. விட்டேக்கர்-வாட்சனுக்கு விக்டர் மோல் 2021ல் புதிதாகத் தொகுத்த ஐந்தாம் பதிப்பு அப்படித்தான், அதை எடுத்து ஏற்றாதீர்கள்.

ஜெராக்ஸ் கடைக்கும் ஒரு வார்த்தை. டெல்லிப் பல்கலைக்கழகத்துக்குள் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடை மீது பெரிய வெளிநாட்டுப் பதிப்பகங்கள் வழக்குப் போட்டு, 2016 செப்டம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் பாடம் நடத்துவதற்குத் தேவையான பகுதிகளைப் படியெடுத்துத் தொகுப்பது குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்னது. முழுப் புத்தகத்தை ஸ்பைரல் போட்டு விற்பதற்கு அது லைசென்ஸ் இல்லை. ஆனால் நாம் அத்தியாயம் அத்தியாயமாகப் பயந்து பயந்து படியெடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இனி அச்சுக்கு வருகிறேன். கடைகளில் கிடைக்கும் பழம்புத்தகங்களில் லோனியும் ஹால்-நைட்டும்தான் ராஜாக்கள். 'ஹையர் அல்ஜீப்ரா' 1887, லோனியின் முக்கோணவியல் 1893. இரண்டும் இன்றும் ஐ.ஐ.டி. கோச்சிங் புண்ணியத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில்கூடக் கிடைக்கின்றன. இங்கிலாந்தில் மறந்துபோன புத்தகங்களை நுழைவுத்தேர்வு காப்பாற்றி வைத்திருப்பது ஒரு வேடிக்கை. ஆனால் வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். நான் வாங்கிய ஒரு மலிவு மறுபதிப்பில் புதிதாகத் தட்டச்சு செய்கிறேன் பேர்வழி என்று அடுக்குக்குறிகளைக் கீழே இறக்கிவிட்டிருந்தார்கள். எக்ஸ் ஸ்கொயர் எல்லாம் எக்ஸ் டூ ஆகிவிட்டது. நூறு வருடமாகப் பிழை திருத்தித் திருத்தி வந்த புத்தகத்தில் புதிதாகப் பிழை போடுவதற்கும் ஒரு திறமை வேண்டும். அதைவிடப் பழைய பக்கத்தை அப்படியே படம் பிடித்து அச்சிட்டவை எவ்வளவோ மேல். எழுத்து மங்கலாக இருக்கும், ஆனால் ஹார்டி எழுதியதுதான் இருக்கும். அமெரிக்காவில் டோவர் பதிப்பகம் அப்படிச் செய்துதான் பேர் வாங்கியது. ஹீத் மொழிபெயர்த்த யூக்ளிட், மூன்று தொகுதி, 1956லிருந்து அவர்கள் வெளியிடுவது. இங்கே வரவழைத்தால் என் மெஸ் பில்லைத் தாண்டிவிடும், அதனால் இன்னும் பார்வையோடு சரி.

நம் ஊரில் இதற்கு ஒரு காலத்தில் மாற்று இருந்தது. அப்பா காலத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், மிர் பதிப்பகம் என்றால் முகம் மலரும். மாஸ்கோவில் அச்சாகி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக நம் ஊர்களுக்கு வந்த கெட்டி அட்டைப் புத்தகங்கள். பிஸ்குனோவின் கால்குலஸ், டெமிடோவிச்சின் கணக்குத் தொகுப்பு, பெரல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' தமிழிலேயே. 1991ல் சோவியத் யூனியன் போனதும் அந்த வரத்து நின்றது. இப்போது அவற்றில் நிறைய, ஆர்வலர்கள் தங்கள் வீட்டுப் பிரதிகளை ஸ்கேன் செய்து போட்டதால் இணையத்தில் இருக்கின்றன. கவனித்தீர்களா? வீட்டுப் பிரதி. யாரோ ஒருவர் எடைக்குப் போடாமல் வைத்திருந்த பிரதி.

நான் சொல்ல வந்த இடம் இதுதான். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் பின்னால் ஓர் அலமாரியில் ஒரு தாள் புத்தகம் இருந்தது. இந்தியாவில் மின்னணு நூலகம் என்று 2000களின் தொடக்கத்தில் மில்லியன் புத்தகத் திட்டத்தோடு சேர்ந்து அரசு செலவில் ஆரம்பித்தார்கள், பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யை மையமாக வைத்து. பிற்பாடு அந்தத் தளம் நின்றே போனது. லட்சக்கணக்கான நூல்களின் படிகளை அதற்குள் இன்டர்நெட் ஆர்கைவில் ஏற்றி வைத்திருந்ததால் தப்பித்தோம். "நெட்டில் இருக்கிறது" என்பது "இன்றைக்கு இருக்கிறது" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. அதை நம்பித் தாளை எடைக்குப் போட்டுவிட்டு, நாளைக்கு ஸ்கேனில் தாள் குறைகிறது என்று தெரிந்தால் யாரிடம் போய்ச் சரிபார்ப்பது?

இன்னொரு காரணமும் இருக்கிறது, கொஞ்சம் உணர்ச்சிவசப்படுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராமானுஜன் கதை நமக்கெல்லாம் மனப்பாடம். கும்பகோணத்தில் பள்ளிப் பையனாக இருந்தபோது லோனியின் முக்கோணவியல், பிறகு 1903 வாக்கில் காரின் 'சினாப்சிஸ்'. அந்தக் காரின் புத்தகம் எப்படிப்பட்டது தெரியுமா? இன்டர்நெட் ஆர்கைவில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார் என்பவர் பரீட்சைக்கு ஆள் தயார்செய்யும் டியூஷன் வாத்தியார். 1880களில், தன் பாடக் குறிப்புகளைச் சுமார் ஐந்தாயிரம் முடிவுகளாக எண் போட்டு அடுக்கினார். நிரூபணம் பெரும்பாலும் ஒரு வரி, சில இடங்களில் அதுவும் இல்லை. கடைசியில் எந்தப் பத்திரிகையில் எந்தக் கட்டுரை என்று நீண்ட அட்டவணை. இன்றைய பாஷையில் சொன்னால் ஒரு பெரிய கைடு. 1970ல் செல்சீ பதிப்பகம் இதைப் பெயரையே மாற்றி மறுபதிப்புப் போட்டது, முன்னே சொன்ன இரட்டைப் பெயர்ச் சிக்கலுக்கு இது நல்ல உதாரணம்.

புரட்டிப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது: 1903ல் இது பழைய புத்தகம். கேம்பிரிட்ஜில் அப்போதே கணிதம் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. கும்பகோணம் கல்லூரியில் எத்தனை பேர் இதைக் கேட்டு வாங்கியிருப்பார்கள்? ரெஜிஸ்டரைப் பார்த்து "பத்து வருடமாக யாரும் எடுக்கவில்லை, ரைட்-ஆஃப்" என்று முடிவு செய்பவர் அந்த நூலகத்தில் இருந்திருந்தால், முதலில் வெளியே போயிருக்க வேண்டிய புத்தகங்களில் இது ஒன்று. போகவில்லை. அலமாரியில் சும்மா நின்றது. ஒரு பையன் கைக்கு நண்பர்கள் வழியாக வந்தது.

பத்து வருடம் கழித்து, சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, ஹார்டியின் 'ஆர்டர்ஸ் ஆஃப் இன்ஃபினிட்டி' என்ற சிறு நூல் (1910) அவர் கண்ணில் பட்டது. அதன் 36ஆம் பக்கத்தில் பகா எண்களின் எண்ணிக்கை பற்றி இருந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் 1913 ஜனவரி 16 தேதியிட்ட அந்தப் புகழ்பெற்ற கடிதத்தில் எழுதினார். பகா எண் விஷயத்தில் அவர் கண்டதாகச் சொன்னது பிழை என்று பின்னால் தெரிந்தது. பரவாயில்லை, மற்றவை போதும். என் கணக்கு என்னவென்றால்: மூன்று பழைய அல்லது நடுத்தரமான புத்தகங்கள், சரியான சமயத்தில் பக்கத்தில் இருந்தன. தேடிப் போய்க் கிடைத்தவை அல்ல, கண்ணில் பட்டவை. பிடிஎஃப் தேடுகிறவனுக்குத்தான் கிடைக்கும். ப்ராம்விச் என்று ஒரு ஆள் இருந்ததே தெரியாதவன் ப்ராம்விச்சை எப்படித் தேடுவான்? எனக்கு அவர் பெயர் தெரியவந்ததே இரண்டாம் வருடத்தில் அதே நூலகத்தில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, பக்கத்துப் புத்தகமாக.

(ஹாப்சனைப் பற்றி ஓர் இடைச்செருகல். ஹார்டிக்கு முன் ராமானுஜன் கடிதம் எழுதி, பதில் கிடைக்காமல் போன இருவரில் ஹாப்சனும் ஒருவர் என்று சொல்வார்கள். அவரையும் ஹார்டியையும் ஒரே சணலில் கட்டி வைத்திருந்தது எங்கள் கல்லூரி.)

லைப்ரரியன் தரப்பையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. அடுத்த நாள் போய்ப் பேசினேன். மேடம் கோபப்படவில்லை. "தம்பி, ஆய்வுக்குழு வந்தால் புதுப் புத்தகம் எத்தனை என்றுதான் கேட்கிறார்கள். ரீடிங் ஹாலில் நாற்காலி போட இடம் இல்லை. கரையான் வந்தால் மொத்த அலமாரியும் போகும். நீங்கள் யாராவது இந்தப் புத்தகத்தை எடுத்திருந்தால் நான் ஏன் கட்டப் போகிறேன்?" என்றார். கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆறு மாதம் ப்ராம்விச்சை ஸ்கேனில் படித்தவன், அதே புத்தகம் ஐம்பதடி தூரத்தில் இருப்பதைக் கேட்லாக்கில் பார்க்கவே இல்லை. குற்றவாளிகளில் நானும் ஒருவன்.

அதனால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை. காஸ்ட் அக்கவுண்டன்சி கைடு தாராளமாகப் போகட்டும். கட்டுவதற்கு முன் அந்தப் பட்டியலை ஒரு வாரம் துறையில் ஒட்டுங்கள் என்று மட்டும் கேட்டேன். ஆசிரியர்கள் வேண்டாம், மாணவர்களே பார்ப்போம். இணையத்தில் முழுமையான ஸ்கேன் இருக்கிறதா, அதே பதிப்புதானா, தாள் குறைகிறதா என்று நாங்கள் சரிபார்த்துக் கொடுக்கிறோம். இல்லாததை வைத்துக்கொள்ளலாம், இருப்பதைத் துறை அலமாரிக்கு மாற்றலாம். மேடம் "எழுதிக் கொடு" என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிரின்சிபால் மேசையில் இருக்கிறது.

இதற்குள் என் தோழன் வந்து ஹார்டியை இரவல் கேட்டான். பிடிஎஃப்பில் படித்தால் கண் வலிக்கிறதாம். கொடுத்தேன். ஏழாம் பதிப்பு, பத்திரம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

வகுப்பில் யாருக்காவது ஆர்வம் இருந்தால் இரண்டு வேலை இருக்கிறது. ப்ராம்விச்சின் விட்டுப்போன தாளை நான் ஸ்கேன் செய்துவிட்டேன். அதைச் சரியான இடத்தில் சேர்த்து ஏற்றத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த கட்டு வராந்தாவுக்கு வருவதற்கு முன் கணித அலமாரியின் கீழ் இரண்டு தட்டுகளைப் பட்டியல் எடுக்க வேண்டும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அட்டெண்டர் அண்ணன் திறந்து வைக்கிறேன் என்றிருக்கிறார். முகத்துக்குத் துணி கொண்டுவாருங்கள், தூசி பயங்கரம்.